பலனை விட்டவரின் மரக்கரண்டி

எகிப்தின் பாலைவனத்தில், கிபி நான்காம் நூற்றாண்டு வாக்கில், பவுல் என்றொரு கிறிஸ்தவத் துறவி இருந்தார். பேரீச்ச மரங்களும் சிறு தோட்டமும் அவர் வயிற்றைக் கவனித்துக்கொண்டன. பிழைப்புக்காக உழைக்க வேண்டிய அவசியம் இல்லை. எதையாவது செய்தாலும் விற்க வழியில்லை. ஊர் ஏழு நாள் நடைத் தொலைவில் இருந்தது. சுமைக்கூலியே விலையைத் தின்றுவிடும். ஆனாலும் அவர் ஓலை சேகரித்து, அன்றைய சாப்பாடே அதை நம்பித்தான் என்பதுபோல, நாள்தோறும் தனக்கு ஒரு வேலையளவு விதித்துக்கொண்டு உழைத்தார். வருஷக் கடைசியில் குகை நிறைந்துவிடும். அத்தனையையும் கொளுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஜான் காசியன் ஐந்தாம் நூற்றாண்டில் மடங்களின் நடைமுறை பற்றி எழுதிய நூலில் இதைப் புகழ்ச்சியாகவே சொல்கிறார். கைவேலை இல்லாத துறவிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது என்பது அவர் கட்சி.

அந்தத் துறவிகளை மிகவும் வதைத்தது சலிப்பு. அவர்களில் பெரிய எழுத்தாளரான இவாக்ரியஸ் அதை நண்பகலில் வரும் பேய் என்று வர்ணித்தார். சூரியன் நகராமல் நின்றுவிட்டதாகத் தோன்றும். கண் அடிக்கடி சன்னலுக்குப் போகும். யாராவது வருகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்க்கச் சொல்லும். இன்று அந்தப் பேய்க்குச் சன்னலும் வாசலும் தேவைப்படவில்லை, கைப்பேசி போதும்.

பேயோட்ட இப்போது பலர் கையிலெடுப்பது சிறு கத்தி ஒன்றும் பச்சை மரத்துண்டு ஒன்றும். மரம் செதுக்குவதை ஓய்வுநேரப் பழக்கமாகக் கொள்வது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. 2012இல் இங்கிலாந்தின் டெர்பிஷைரில், ஈடேல் என்ற மலைக் கிராமத்தில், மரக்கரண்டிக்கென்றே ஒரு திருவிழா தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ராபின் வுட். மற்றவர் கரண்டியையே பெயரோடு சேர்த்துக்கொண்டு ‘பார்ன் தி ஸ்பூன்’ என்று அறியப்படுகிறவர். இந்த மோகத்தின் வேர் ஸ்வீடனில் இருக்கிறது. அந்நாட்டின் வடக்கே கைவினை ஆலோசகராக இருந்த வில்லே சுண்ட்க்விஸ்ட் (1925–2018), கத்தியையும் கோடாரியையும் எப்படிப் பிடிப்பது, எந்தப் பிடிக்குக் கட்டைவிரலை எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கிப் புத்தகம் போட்டார். இன்று உலகெங்கும் கரண்டி செதுக்குகிறவர்கள் அவருக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவர்கள்.

அவருக்கும் முன்பே அந்தப் பகுதியில் கைவேலை கல்வியாக மாறிவிட்டது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸின் முயற்சியால் 1866இல் கைவினை ஆரம்பப் பள்ளிப் பாடமாயிற்று. அடுத்த பத்தாண்டில் ஸ்வீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூடத்தை நடத்தத் தொடங்கினார். மாணவரின் கைக்கு முதலில் வரும் கருவி கத்திதான். செய்கிற பொருளைவிடச் செய்கிற பிள்ளைதான் முக்கியம் என்று சாலமன் கருதினார். அதே சமயம், பொருள் வீட்டில் புழங்குகிற ஒன்றாக இருந்தே தீரவேண்டும், வெறும் அலங்காரச் சாமான் கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். பொருள் முக்கியமில்லை என்றால் அது பயன்பட்டால் என்ன, படாவிட்டால் என்ன? இந்த இரட்டைப் பிடிவாதத்துக்குள் ஒரு பழைய தத்துவச் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

கத்தி பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: கரண்டி எப்படி வந்தால் என்ன, செதுக்குகிற நேரம் மனசு லேசாகிறது, அது போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உண்மையானால், செதுக்கி முடித்ததைப் பவுலைப்போல அடுப்பில் போடத் தயங்கக் கூடாது. ஏறக்குறைய எல்லோரும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் பற்றா, பலவீனமா, வேறேதாவதா?

அரிஸ்டாட்டிலிடம் போனால் கறாராகப் பிரித்துக் கொடுப்பார். ஒன்றை உண்டாக்குவதற்கு அந்த வேலைக்கு வெளியே ஒரு முடிவு உண்டு. செருப்புத் தைப்பது செருப்புக்காக. நல்ல செயலுக்கோ முடிவு அந்தச் செயலிலேயே இருக்கிறது. பொழுதுபோக்கை அவர் மருந்துக் கணக்கில் வைத்தார். மறுபடி வேலை செய்யத் தெம்பு தருவதற்கு அது, அதற்காக வாழக் கூடாது. ஓய்வுக்காகக் கரண்டி செதுக்குகிறவர் இந்தப் பிரிவினையைக் கலைத்துவிடுகிறார். அவர் ஒரு பொருளை உண்டாக்குகிறார். ஆனால் அவருடைய முடிவு அந்தப் பொருளில் இல்லை. அரிஸ்டாட்டிலின் அலமாரியில் அவருக்கு அறை கிடைக்காது.

நம் பக்கத்தில் அவருக்கு உடனே நினைவுக்கு வருவது கீதை. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்லும் இடம் காலண்டர் தாள் வரைக்கும் வந்துவிட்டது. அதே அத்தியாயத்தில், மூன்றே சுலோகம் தள்ளி, யோகம் என்றால் செயலில் திறமை என்றும் ஒரு வரையறை வருகிறது. முன்னதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பின்னதை அநேகமாக விட்டுவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிக்கல் கூர்மையாகிறது. பலனில் கண்ணில்லாதவனுக்குத் திறமை எதற்கு? திறமை என்பதே பலன் சரியாக வருவதைப் பொறுத்ததுதானே?

ஆதிசங்கரர் இந்த முடிச்சை ஒரு வழியில் அவிழ்க்கிறார். இங்கே சொல்லப்படும் திறமை கைத்திறன் அல்ல, வெற்றியிலும் தோல்வியிலும் சமமாக நிற்கும் மனம்தான். இயல்பாகவே கட்டிப்போடும் குணமுள்ள செயல் அந்தச் சமநிலையால் தன் கட்டும் தன்மையை இழக்கிறது என்பது அவருடைய உரை. உரைகாரராக அவர் நிற்கும் இடம் தெளிவு. ஞானத்துக்கு வழிவிடும் மனத்தூய்மையே அவருக்குக் குறிக்கோள், உலக்கை வளைந்ததா நிமிர்ந்ததா என்பது அவர் கவலை அல்ல. ஆனால் கத்தியைக் கையில் பிடித்தவருக்கு இந்த உரை முழுத் திருப்தி தராது. சமநிலையோடு செதுக்கிக் கட்டைவிரலை வெட்டிக்கொள்ளவும் முடியும்.

மரம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பச்சைக் கிளை ஒன்றைக் கோடாரியால் நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டை நீக்கிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் காயும்போது அங்கிருந்துதான் விரிசல் ஓடும். பிறகு உருவை முரடாகக் கொத்தி எடுத்து, கத்தியால் சீவ வேண்டும். ரேகையோடு போனால் சீவல் சுருண்டு சுருண்டு விழும். எதிர்த்துப் போனால் கத்தி உள்ளே புதைந்து, சிலாம்பு கிளம்பி, அரை மணி நேர வேலை ஒரே இழுப்பில் போய்விடும். கரண்டியின் கழுத்தில், கைப்பிடி வளைந்து குழியோடு சேருமிடத்தில், ரேகை திசை மாறும். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பள்ளத்தை நோக்கிச் சீவி வந்து நடுவில் நிறுத்த வேண்டும். ஒரே பக்கமாக ஓட்ட முடியாது. கணு குறுக்கிட்டால் வளைவையே மாற்ற வேண்டியிருக்கும்.

இதில் எங்கேயும் மனசை வெறுமையாக வைத்துக்கொள்ள இடமில்லை. மூச்சை எண்ணித் தியானம் செய்கிறவருக்கு மனம் அலைந்துவிட்டதா என்பது அவர் மட்டுமே அறிந்த ரகசியம். செதுக்குகிறவருக்கு அந்த ரகசியம் கிடையாது. கவனம் தவறிய இடத்தில் மரத்தில் தழும்பு நிற்கும், அல்லது விரலில் ரத்தம் வரும். கிடைக்கிற நிம்மதி அந்தக் கட்டாயத்திலிருந்து வருவது. கவலைப்பட்டுக்கொண்டே கழுத்து வளைவைச் சீவ முடியாது. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். இங்கேதான் ‘கரண்டி எப்படி வந்தால் என்ன’ என்ற பேச்சு உதைக்கிறது. எப்படி வந்தாலும் சரி என்று உண்மையிலேயே நினைத்துவிட்டால் ரேகையைப் பார்க்கத் தேவையில்லை. ரேகையைப் பார்க்காவிட்டால் கவனம் இல்லை. கவனம் இல்லாவிட்டால் அந்த நிம்மதியும் இல்லை. நல்ல கரண்டி வேண்டும் என்ற ஆசையை விட்டால் போகிற முதல் பொருள் அமைதிதான்.

சீனாவின் ஜுவாங்ட்சு நூலில் ச்சிங் என்ற தச்சன் வருகிறான். லூ நாட்டில் மணிகளைத் தொங்கவிடும் மரச்சட்டம் ஒன்றைச் செய்கிறான். பார்த்தவர்கள் இது மனிதன் செய்ததா, தேவதை செய்ததா என்று மலைத்துப் போகிறார்கள். நாட்டை ஆள்கிறவர் கூப்பிட்டு இதற்கு என்ன வித்தை என்று கேட்கிறார். வித்தை ஒன்றுமில்லை, வேலை தொடங்குமுன் நோன்பிருப்பேன் என்கிறான் ச்சிங். மூன்று நாள் நோன்பில் பரிசும் சம்பளமும் மறந்துபோகும். ஐந்து நாளில் புகழ்வார்களா இகழ்வார்களா, நன்றாக வருமா வராதா என்ற நினைப்பு போகும். ஏழாம் நாள் தனக்குக் கைகால் இருப்பதே மறந்துவிடும். அரசவை என்ற ஒன்று அப்போது அவனுக்கு இல்லை. அதன்பிறகுதான் காட்டுக்குள் போவான். மரங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பான். சட்டம் எந்த மரத்தில் தெரிகிறதோ அதில் கைவைப்பான். எதிலும் தெரியாவிட்டால் திரும்பிவிடுவான்.

பலனைத் துறக்கும் கதைதான் இதுவும். ஆனால் எது துறக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி போகிறது, பெயர் போகிறது, உடம்பு கூடப் போகிறது. மணிச்சட்டம் மட்டும் போவதில்லை. மற்றதெல்லாம் விலகியதே அது கண்ணுக்குத் தெரிவதற்காக. ‘பலன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகளை அடைத்துவிடுகிறோம். பொருள் நன்றாக அமைவது ஒன்று. அது எனக்கு என்ன கொண்டுவரும் என்பது வேறொன்று. ச்சிங் இரண்டாவதை ஏழு நாளில் கழற்றிப் போட்டான், முதலாவதுக்காக. இந்த நுட்பத்தைக் கழற்றிவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் நேரும் கேலிக்கூத்தை ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1908இல் எழுதிய பத்துக் கனவுகளில் ஒன்றில் காணலாம். மரத்துக்குள் இருக்கும் உருவைத் தோண்டி எடுப்பதுதான் சிற்பம் என்று யாரோ சொல்லக் கேட்ட கனவுக்காரன், வீட்டுக்கு ஓடிப்போய் விறகுக்கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்திப் பார்க்கிறான். ஒன்றிலும் தெய்வம் இல்லை.

இதே முடிச்சை பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்ல் பள்ளிக்கூடப் பாடத்தை வைத்து அவிழ்த்தார். 1942இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கணக்குப் போடுவதும் மொழிபெயர்ப்பதும் கவனத்தை வளர்க்கின்றன, பிரார்த்தனை என்பது கவனத்தின் உச்சம், ஆகவே விடை வராத கணக்கில் செலவிட்ட முயற்சியும் வீண்போகாது என்றார். உடனே ஒரு நிபந்தனையும் வைத்தார்: விடை சரியாக வரவேண்டும் என்ற விருப்பம் மாணவனுக்கு இருந்தே ஆகவேண்டும். அது இல்லாத முயற்சி முயற்சியே அல்ல. வெய்ல் 1934–35இல் பாரிஸ் பகுதித் தொழிற்சாலைகளில் கூலிப்பெண்ணாக வேலை பார்த்தவர். எந்திரத்தின் வேகத்துக்கு ஓடும் கை ஆளை எப்படி அடித்துப் போடும் என்பதும் அவருக்கு நேரடியாகத் தெரியும். கைவேலை எல்லாமே புனிதம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாத அபூர்வமான ஆன்மிக எழுத்தாளர் அவர்.

எரித்தவரையும் அரண்மனைக்குக் கொடுத்தவனையும் பார்த்தாயிற்று. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர்தான் கத்தி பிடிக்கிறவர்களுக்கு நெருங்கிய உறவு.

என்கூ 1632இல் ஜப்பானின் மினோ பகுதியில், இன்றைய கிஃபு மாவட்டத்தில் பிறந்தார். தாயை நகாரா ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று என்று மரபுக் கதைகள் சொல்கின்றன. ஊர் ஊராக நடந்த புத்தத் துறவி. 1666இல் வடகோடித் தீவான ஹொக்காய்டோ வரை போனார். ஒரு லட்சத்து இருபதாயிரம் புத்தர்களைச் செதுக்குவதாக அவர் விரதம் பூண்டிருந்தார் என்பது வழக்கு. அந்த எண் நிறைவேறியதோ என்னவோ, 5,000க்கும் மேற்பட்ட உருவங்கள் இன்றும் இருக்கின்றன. நகோயாவின் அராகோ கன்னோன் என்ற ஒரே கோயிலில் 1,200க்கு மேல் உள்ளன.

அவருடைய புத்தர்களுக்கு மெருகு கிடையாது, பொன்பூச்சும் கிடையாது. மரத்தைப் பிளந்த முகம் அப்படியே தெரியும், வெட்டுக்கத்தியின் தடம் தெரியும், கணு தெரியும். நான்கைந்து கொத்தில் கண்ணும் ஒரு கீறலில் சிரிப்பும் வந்துவிடும். பெரிய உருவத்திலிருந்து தெறித்த சில்லுகளைக்கூட அவர் வீணாக்கவில்லை. விரலளவுத் துண்டிலும் ஒரு புத்தர் முகம் வைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் கூடப் புத்த இயல்பு உண்டு என்ற ஜப்பானிய பௌத்தச் சிந்தனையில் வளர்ந்தவருக்குச் சில்லைக் குப்பையாக்க மனம் வந்திருக்காது. தங்க இடம் கொடுத்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உழவர்களுக்கும் அவற்றைக் கொடுத்துவிட்டு நடந்தார். காய்ச்சல்காரர் தலைமாட்டில் அந்தப் புத்தர் போய் உட்கார்ந்தார். சில ஊர்களில் பிள்ளைகள் அவரைத் தூக்கிக்கொண்டு விளையாடினார்கள், தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். 1695இல் அதே நகாரா ஆற்றங்கரையில் என்கூவின் வாழ்க்கை முடிந்தது.

என்கூவின் முரட்டுத்தனத்தைப் பார்த்து ‘எப்படி வந்தாலும் சரி’ என்ற கட்சிக்கு அவரைச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது. நான்கு கொத்தில் சிரிப்பு வரவேண்டுமென்றால் நான்கும் சரியாக விழ வேண்டும். மெருகேற்றித் திருத்தும் வசதி அவருக்கு இல்லை. அவருக்கும் பவுலுக்கும் உள்ள வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. என்கூவின் கைப்பொருளுக்கு ஒரு முகவரி இருந்தது. தான் வைத்துக்கொள்ளவும் இல்லை, அழிக்கவும் இல்லை. பலனைத் துறக்க நெருப்பு வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் போதும் என்று அவர் காட்டினார். பவுலிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நாள்தோறும் விதித்துக்கொண்ட அந்த வேலையளவு. தீவைத்ததைப் பெரிதாக்கியது நம்முடைய கதைமோகம்.

ஓர் ஆட்சேபம் மிச்சமிருக்கிறது, அது லேசானதல்ல. கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ஓய்வுநேரக் கலை என்ற எண்ணத்தையே சந்தேகித்தவர். வேலையில் மகிழ்ச்சியில்லை, மகிழ்ச்சிக்கு மாலையில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும் என்கிற நிலைமை தொழிற்சாலை யுகத்தின் நோய் என்று அவர் வாதிட்டார். பழைய கைவினைஞனுக்கு அவன் தொழிலே வழிபாடும் இன்பமுமாக இருந்தது என்பது அவர் பார்வை. அந்தக் கண்ணாடியில் பார்த்தால் வார இறுதிக் கத்திக்காரர் நோயாளி, கரண்டி மாத்திரை.

குமாரசுவாமி பாதி சரி. மீதிப் பாதியை அவர் கூலிக்கணக்கைப் பார்க்காமல் எழுதினார். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் வாகையிலும் மாவிலும் வேம்பிலும் சாமி செதுக்குகிறார்கள். அந்த வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளி பிடித்த அந்தக் கைகளிடம் போய்ப் பலனை எண்ணாதே என்று சொல்வது அநாகரிகம். அவர்களுக்குப் பலன் என்றால் அரிசி, பள்ளிக் கட்டணம். தமிழ்நாட்டில் மரவேலை வெகுகாலம் பிறப்பால் விதிக்கப்பட்ட தொழிலாக இருந்தது. தேரைச் செய்தவருக்குக் கோயிலில் மரியாதையும் உண்டு, ஊரில் எல்லைக்கோடும் உண்டு. பலனைத் துறப்பதற்கு முன் பலன் கைக்கு வந்திருக்க வேண்டும். எகிப்துத் துறவிக்கும் பேரீச்ச மரங்கள் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. ஆகவே பொழுதுபோக்குக்காரர் தன் அமைதியைத் தத்துவமாக்கி ஆசாரிக்கு உபதேசிக்காமல் இருப்பது முதல் நாகரிகம். உளியைச் சாணை பிடிக்க அவரிடம் கற்றுக்கொள்வதும், காசு கொடுத்துக் கற்பதும் அடுத்தது.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் செலவு அதிகமில்லை. ஸ்வீடனின் மோரா ஊர்ப்பெயரில் வரும் நேர்கத்தி ஒன்று, குழிக்கு வளைகத்தி ஒன்று. மொக்கைக் கத்தி வேண்டாம். அது வழுக்கும், விரலைத் தேடும். நம் பக்கத்து மரங்களில் வெப்பாலை வெளுப்பாக, மென்மையாக, ரேகை நெருக்கமாக இருக்கும். சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு அதைத்தான் கடைகிறார்கள். புயலிலோ மின்கம்பிக்காக வெட்டியதிலோ விழுந்த கிளை கிடைத்தால் நிற்கும் மரத்தைத் தொட வேண்டாம். பச்சையாக இருக்கும்போதே கொத்தி, நிழலில் மெதுவாகக் காயவைத்து, கடைசிச் சீவலை அதன்பின் எடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், தண்ணீர் பட்டதும் நார் எழும்பும். முதல் கரண்டியைச் சுவரில் மாட்டவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அதில் கஞ்சி குடித்துப் பாருங்கள். உதட்டில் உரசினால் எங்கே உரசியதோ அங்கே இன்னும் கொஞ்சம் சீவுங்கள்.